பாலம் வராவிட்டால் என்ன ஆகும்?

ஒரு திட்டம் செய்யத் தகுமா என்று பார்க்கும் சாத்தியவள அறிக்கை ஒன்று மேசைக்கு வந்தால் பெரிய அதிகாரிகள் நேரே கடைசி அட்டவணைக்குப் போவார்கள். உள்ளக விளைவு வீதம், அதாவது போட்ட காசுக்கு வருடத்துக்கு நூற்றுக்கு எவ்வளவு பயன் திரும்புகிறது என்ற கணக்கு, எவ்வளவு, ஒன்பதைத் தாண்டியதா இல்லையா, அவ்வளவுதான். தாண்டியிருந்தால் முகம் மலரும், தேநீர் வரும். அதற்கு முன்னால் எத்தனையோ பக்கங்கள் இருக்கின்றன. அவற்றில் ‘திட்டம் இல்லாவிட்டால்’ என்று தலைப்புப் போட்ட ஒரு நிரல் இருக்கிறது. அதைத் தொட்டுப் பார்த்துக் கேள்வி கேட்டவர்களை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் பாலம், வீதி, குளம், துறைமுகம் என்று எதை எடுத்தாலும் கணக்கு சரிவருவதும் பிழைப்பதும் அந்த நிரலில்தான்.

நான் களுதாவளைக்காரி. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்தேன். இப்போது ‘உள்ளூர் ஆலோசகர்’. கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருக்கிற ஒரு நிறுவனம் ஒப்பந்தத்தை எடுக்கும், மட்டக்களப்பு அம்பாறை வேலைக்கு என்னைப் போன்ற ஒருவரைக் கூப்பிடும். வாகனம் எண்ணுவது, வீடு வீடாய்க் கேட்பது, பிரதேச செயலகத்தில் புள்ளிவிபரத்துக்கு நாயாய் அலைவது, பிறகு எக்செல் முன்னால் குந்தியிருப்பது, இதுதான் வேலை. ஊரில் என்னைப் ‘பாலம் அளக்கிற பிள்ளை’ என்பார்கள். அளப்பது பொறியியலாளர். அந்தப் பாலத்துக்குப் போடுகிற காசு நாட்டுக்குத் திரும்பி வருமா என்று பார்ப்பதுதான் என் பங்கு. காசு என்றால் கட்டணமாக வசூலாகும் காசு அல்ல. மிச்சமாகும் டீசல், மிச்சமாகும் நேரம், கெடாமல் சந்தைக்குப் போகும் பால், இவற்றின் பெறுமதி. டீசலில் இருக்கிற வரியைக்கூடக் கழித்துவிட்டுத்தான் கணக்கெடுப்போம். வரி என்பது நாட்டுக்குள்ளே ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போவதுதானே.

எங்கள் ஊர் அமைப்புத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மட்டக்களப்பு வாவி கரையோரமாக வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது. கடல் பக்கம் எழுவான்கரை, வாவிக்கு மேற்கே படுவான்கரை. நெல்லும் மாடும் படுவான்கரையில். பெரிய ஆஸ்பத்திரி, வங்கி, டியூசன், கல்முனைச் சந்தை எல்லாம் எழுவான்கரையில். இடையில் தண்ணீர். வலையிறவு, மண்முனை, பட்டிருப்பு ஆகிய இடங்களில் பாலம் உண்டு. குருக்கள்மடம்–அம்பிளாந்துறை, குருமண்வெளி–மண்டூர் போன்ற துறைகளில் மக்கள் ‘பாதை’யில் கடந்து பழகியவர்கள். ஆட்களையும் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வரும் தட்டையான மிதவை அது.

மண்முனையிலும் முன்பு பாதைதான். ஜப்பானின் நன்கொடையில் 210 மீற்றர் நீளப் பாலம் 2014 ஏப்ரலில் திறந்தார்கள். இப்போது கொக்கட்டிச்சோலைப் பிள்ளைகள் ஆரையம்பதிப் பக்கம் மாலை வகுப்புக்கு வந்துவிட்டு இருட்டின பிறகு திரும்புகிறார்கள். பாதை ஓடின காலத்தில் இருட்டின பிறகு என்ற பேச்சே இல்லை. அந்த இரவுப் பயணத்தை எந்த எண்ணிக்கைப் படிவத்தில் எழுதியிருக்க முடியும்? பாலம் வருமுன் அப்படி ஒரு பயணமே கிடையாது. எங்கள் தொழிலில் இதைத் தூண்டப்பட்ட போக்குவரத்து என்போம். பாடப்புத்தகம் அதன் பயனைப் பாதிதான் எண்ணச் சொல்கிறது. புதிதாக வருகிறவர் பயணம் மலிந்ததால்தான் வருகிறார், ஆகவே முன்பே வந்துகொண்டிருந்தவர் அளவுக்கு அவருக்கு அது பெறுமதி அல்ல என்பது வாதம். கொழும்பில் ஒரு மேம்பாலத்துக்கு அது சரி. அக்கரையில் ஆஸ்பத்திரி இருந்தும் இரவில் போக வழியே இல்லாதவனுக்கு அது பொருந்துமா என்பது எனக்கு எப்போதும் சந்தேகம்.

சரி, எண்ணிக்கைக்கு வருவோம்.

சில வருடங்களுக்கு முன் படுவான்கரையில் ஒரு துறைக்கு வாகனம் எண்ணப் போனோம். துறையின் பெயர் வேண்டாம், அந்த வேலை இன்னும் முடியவில்லை. இரண்டு பெடியன்கள், ஒரு குடை, அரை மணித்தியாலத்துக்கு ஒரு கட்டம் போட்ட படிவம். நடையாள், சைக்கிள், மோட்டார் சைக்கிள், ஆட்டோ, லான்ட்மாஸ்டர் (இரு சில்லு உழவு இயந்திரம்), வேன், லொறி என்று நிரல்கள். விடியற்காலையில் தொடங்கினால் முதலில் வருவது ஆசிரியர்கள். எழுவான்கரையிலிருந்து படுவான்கரைப் பள்ளிக்கூடங்களுக்குப் போகிறவர்கள், மோட்டார் சைக்கிளில் தலைக்கவசம் கழற்றாமலேயே பாதையில் நிற்பார்கள். பிறகு மீன் பெட்டி கட்டிய சைக்கிள்கள். அக்கரையிலிருந்து பால் கேன்கள், கூலி வேலைக்குப் போகும் பெண்கள், மாத்திரை எடுக்கப் போகும் வயதானவர்கள்.

லொறி நிரலில் மாலை வரைக்கும் பூச்சியம்.

அந்தப் படிவம் அப்படியே கொழும்புக்குப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அடிப்படை வருடத்தில் லொறி பூச்சியம், வருடாந்த வளர்ச்சி நூற்றுக்கு ஐந்து என்று போடுவார்கள். பூச்சியத்தை எந்த வீதத்தால் வளர்த்தாலும் இருபது வருடம் கழித்தும் பூச்சியம்தான். பாதை ஓட்டுகிற அண்ணனிடம் கேட்டேன், ஏன் லொறி ஒன்றுமே இல்லை என்று. அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “மிஸ், இதில லொறி ஏறினா லொறியும் போகும் பாதையும் போகும். வெட்டுக் காலத்தில வந்து பாருங்க. நெல் லொறி எல்லாம் அந்தப் பாலத்தால கிறுகித்தான் வரும். வெட்டு மெசினும் அப்பிடித்தான்.”

அவர் சொன்ன சுற்றுவழிப் பாலத்தடியில் பெரும்போக வெட்டுக் காலத்தில் ஆளை வைத்து எண்ணினோம். எங்கே இருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று லொறிச் சாரதிகளிடம் கேட்டோம். துறைக்கு நேரே அக்கரையில் நெல்லை ஏற்றி, சுற்றி, எழுவான்கரையில் அரிசி ஆலைக்குப் போகிறவர்கள் வரிசையாய் அகப்பட்டார்கள். அவர்களுக்குப் பாலம் வந்தால் மிச்சமாகும் தூரம், டயர், டீசல், சாரதிக் கூலி எல்லாம் கணக்கில் வரவேண்டிய பயன்கள். துறையில் நின்று எண்ணினால் அதில் ஒரு சதமும் அகப்படாது. நெல் வாங்குகிற முதலாளி இந்தச் சுற்றை எப்போதோ எண்ணிவிட்டார். படுவான்கரை வயலில் வாங்கும் விலையில் கிலோவுக்கு இரண்டோ மூன்றோ ரூபாய் குறைத்துத்தான் கேட்பார். விவசாயிக்கு அது பழகிப்போன விலை, அவர் அதை நட்டம் என்று சொல்வதுமில்லை.

நேரத்துக்கு விலை போடுவது இன்னொரு சங்கடம். படிவத்தில் மாத வருமானம் கேட்போம், வேலை நேரத்தால் பிரிப்போம். வேலைக்காக அல்லாத பயணம் என்றால் அதில் மூன்றிலொரு பங்கோ அதைவிடக் குறைவோதான் போடுவது வழக்கம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக் போகும் தாயின் பயணம் ‘வேலை அல்லாதது’. யார் இதை வகுத்தார்களோ, அவர்கள் பிள்ளை தூக்கியவர்கள் அல்ல.

அந்தத் துறையிலேயே மீன் கொண்டுபோகிற ஒரு நானாவிடம் கேட்டேன், பாதைக்குக் காத்திருக்கும் ஒரு மணித்தியாலம் உங்களுக்கு எவ்வளவு பெறும் என்று. நான் கேட்ட விதம் அவருக்கு விளங்கவில்லை. அப்புறம் அவரே பெட்டியைத் திறந்து காட்டினார். மேலே ஐஸ் தண்ணீராகி, அடியில் ஒரு விரற்கடை அளவு மட்டும் கட்டியாய் இருந்தது. “தங்கச்சி, இது அக்கரைக்குப் போகும்போது முழுக்கக் கரைஞ்சிரும். ஏழு மணிக்கு முதல் ஊருக்குள்ள போனா நான் சொல்றதுதான் விலை. ஒம்பது மணிக்குப் போனா பொம்புளைகள் சொல்றதுதான் விலை. கிலோவுக்கு நூறு ரூபா போயிரும்.” எத்தனை கிலோ என்று கேட்டு எழுதிக்கொண்டேன். எங்கள் சூத்திரத்தில் அவருடைய மணித்தியாலத்துக்கு வந்த தொகையும் அவர் வாயால் வந்த தொகையும் பக்கத்தில் வைக்க முடியாத அளவுக்கு வித்தியாசம். அறிக்கையில் போனது சூத்திரத்தின் தொகை. அவருடையதை ஒரு பெட்டிச் செய்தியாகப் போடச் சம்மதித்தார்கள், அந்த அளவுக்கு நன்றி.

பாலும் அப்படித்தான். பால் சேகரிப்பவர் காலையில் மட்டும் வருவார். மாலையில் கறந்தால் அதை வாங்க ஆளில்லை. தயிராய்ப் போடலாம், ஆனால் சட்டி சுமந்து பாதை ஏறி விற்கப் போகும் ஆள் எல்லா வீட்டிலும் இல்லை. ஆகவே பல வீடுகளில் மாலையில் கறப்பதே இல்லை, கன்று குடிக்க விட்டுவிடுகிறார்கள். ‘உற்பத்தி இழப்பு’ என்று கேட்டால் இழப்பு ஒன்றும் இல்லை என்பார்கள். உண்மைதான், கறக்காத பாலை யார் இழப்பது?

எனக்கு மிக உறைத்தது மருத்துவமாது சொன்னது. அவருடைய பகுதியில் பிரசவங்கள் பற்றி பொதுவாய்க் கேட்டுக்கொண்டிருந்தேன். மாரி தொடங்கினால், கடைசி மாதத்தில் இருக்கிற தாய்மார் பலர் ஊரிலேயே இருப்பதில்லை என்றார். அக்கரையில் மாமி வீடு, சித்தி வீடு, யார் வீடு கிடைக்கிறதோ அங்கே போய்த் தங்கிவிடுவார்கள். வெள்ளமும் காற்றும் வந்தால் பாதை நிற்கும், சுற்றுவழி வீதியிலும் தண்ணீர் ஏறும். வலி வந்த பிறகு யோசிக்க ஏலாது. துணைக்கு மூத்த பிள்ளையும் போகும், அதற்குப் பள்ளிக்கூடம் போய்விடும். புருசன் சமைத்துச் சாப்பிட்டு, இடைக்கிடை அக்கரை போய்வர, கூலி நாட்கள் கழியும். எங்கள் எண்ணிக்கைப் படிவத்தில் இந்தக் குடும்பம் ஒரு தடவை போய், ஒரு தடவை வந்த இரண்டு நடையாட்கள். அவ்வளவுதான்.

இதை ஒரு தொகையாக்க முயன்றேன். தங்கும் நாட்கள், இழந்த கூலி, போக்குவரத்து. பெரிய தொகை வரவில்லை, ஆனால் பூச்சியமும் இல்லை. குழுத் தலைவர் வாசித்துவிட்டு, “இது மிக நல்ல அவதானம்” என்றார். எங்கள் தொழிலில் இப்படிச் சொன்னால் அது கணக்கில் வராது என்று அர்த்தம். பண்புசார் பயன்கள் என்ற பந்தியில் ஒரு வரியாகப் போய்ச் சேர்ந்தது.

அதே வேலையில்தான் ஒரு கூட்டமும் நடந்தது. முதல் கணக்கில் விளைவு வீதம் எட்டும் சொச்சமுமாக வந்து நின்றது. தேவை ஒன்பது. கொழும்பில் குளிர் அறை. ஒருவர் மெல்லச் சொன்னார், போக்குவரத்து வளர்ச்சியை ஒரு புள்ளி கூட்டிப் பார்க்கலாமே என்று. இன்னொருவர், கட்டுமானச் செலவில் நிழல் கூலியைக் கொஞ்சம் குறைத்தால் என்ன என்றார். படுவான்கரையில் வேலையில்லாதவர் அதிகம், ஆகவே ஒரு கூலியாளை எடுப்பதால் நாடு இழப்பது அவருடைய முழுக் கூலி அல்ல என்பது நிழல் கூலியின் நியாயம். நியாயம் சரி, விடை வரும்வரை குறைப்பதுதான் பிழை. எனக்குக் கோபம் வந்தது, ஆனால் கோபத்தோடு எக்செல்லில் ஒன்றும் செய்ய முடியாது. சுற்றிப்போகும் லொறிகளை இன்னும் சேர்க்கவில்லை, அதைச் சேர்த்துப் பாருங்கள் என்றேன். சேர்த்தார்கள். ஒன்பதைக் கொஞ்சம் தாண்டியது. வளர்ச்சி வீதத்தில் கைவைக்கத் தேவைப்படவில்லை.

இந்த ஒன்பது எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்பதுண்டு. ஆசிய அபிவிருத்தி வங்கி நெடுங்காலம் பன்னிரண்டு வைத்திருந்தது. 2017 இல் ஒன்பதாகக் குறைத்தது. வறியவர்களைக் குறிவைக்கும் கிராமிய வீதிகள், கிராமிய மின்சாரம், சுகாதாரம், கல்வி போன்றவற்றுக்கு ஆறு போதும் என்றது. எதிர்காலப் பயனை இன்றைய பெறுமதிக்குக் குறைத்துக் கணக்கிடும் கழிவு வீதமும் இதுதான். சின்ன வித்தியாசம் மாதிரித் தெரியும். இருபது வருடம் கழித்துக் கிடைக்கும் நூறு ரூபாய்ப் பயனுக்கு இன்றைய பெறுமதி பன்னிரண்டு வீதத்தில் 10 ரூபாய் 37 சதம், ஒன்பதில் 17 ரூபாய் 84 சதம், ஆறில் 31 ரூபாய் 18 சதம். பன்னிரண்டுக்கும் ஆறுக்கும் இடையில் மூன்று மடங்கு. விதைத்த மறுவருடம் காய்க்கும் திட்டத்துக்கு இது பெரிய விசயமில்லை. பாலம் அப்படி அல்ல, அதன் பயன் மெல்ல மெல்ல, பிள்ளைகள் படித்து, நிலம் விலை ஏறி, கடை வந்துதான் கூடும்.

கல்லடியில் வெள்ளைக்காரர் கட்டிய லேடி மன்னிங் பாலம் 1924 இல் திறக்கப்பட்டது. பக்கத்தில் புதிய பாலம் 2013 இல் திறக்கும்வரை அந்த ஒற்றை வழி இரும்புப் பாலம்தான் தெற்கே காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்முனை என்று எல்லாப் போக்குவரத்தையும் தாங்கியது. ஒரு பக்கம் வரும்வரை மறுபக்கம் காத்து நிற்க வேண்டும். பன்னிரண்டு வீதத்தில் ஐம்பதாவது வருடத்து நூறு ரூபாய்க்கு இன்றைய பெறுமதி 35 சதம். ஆகவே 1924 இல் யாராவது இன்றைய சூத்திரத்தோடு உட்கார்ந்திருந்தால், 1974 க்குப் பிறகு அதில் கடந்த அத்தனை பேரையும் சேர்த்தாலும் கணக்கில் துளிதான். கழிவு வீதமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடன் வாங்கிக் கட்டுகிற நாட்டுக்கு அது வேண்டும். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு கைவிரித்த பிறகு இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. நான் சொன்ன அந்தத் துறை வேலையும் அப்போது நின்றதுதான்.

யுத்தம் ‘திட்டம் இல்லாவிட்டால்’ நிரலை இன்னொரு விதத்தில் குழப்பியது. 2007 வரை படுவான்கரை ஒருவர் கையில், எழுவான்கரை இன்னொருவர் கையில். சோதனைச் சாவடி தாண்டித்தான் நெல்லும் ஆளும். அதற்கடுத்த ஓரிரு வருடத்தில் எடுத்த வாகன எண்ணிக்கைகளை அடிப்படையாகப் போட்ட ஆவணங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வருடங்களில் படுவான்கரையில் எத்தனை வீட்டில் மோட்டார் சைக்கிள் இருந்தது? இடம்பெயர்ந்து திரும்பியவன் கூரைத் தகட்டைப் பற்றி யோசிப்பானா, பயணத்தைப் பற்றி யோசிப்பானா? அப்படிப்பட்ட வருடத்தை ‘வழமையான வருடம்’ என்று போட்டால் திட்டம் இல்லாவிட்டாலும் நடக்கப்போகிற மீட்சியைத் திட்டத்தின் பெருமையாக எழுதலாம், அல்லது போக்குவரத்தே இல்லாத ஊருக்குப் பாலம் எதற்கு என்று கைவிடலாம். இரண்டையும் செய்தார்கள், இடத்துக்கு ஏற்றபடி.

எங்கள் ஆட்களும் சும்மா இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீதித் திட்டங்களில் இந்த நிரலை ஊதிப் பெருப்பிப்பது பழைய வித்தை. திட்டம் வராவிட்டால் வீதி இருபது வருடத்துக்கு ஒரு கூடை கிறவல்கூடக் காணாது, குண்டும் குழியுமாகி வாகனங்கள் ஊர்ந்து போகும் என்று எழுதிவிட்டால், காபெற் போட்டதன் பயன் மலைபோல் தெரியும். உண்மையில் அப்படியா? தேர்தல் வந்தால் பிரதேச சபை கிறவல் கொட்டும். வெள்ளம் வந்தால் யாரோ ஒரு ரோலர் கொண்டுவருவார்கள். அந்த அரைகுறைப் பராமரிப்பையும் சேர்த்துத்தான் ‘இல்லாவிட்டால்’ என்று எழுத வேண்டும். அப்படி எழுதினால் சில வீதிகள் தேறாது. தேறாதவை தேறாமல் போகட்டும்.

தெற்கே அம்பாறைப் பக்கம் ஒலுவில் இருக்கிறது. டென்மார்க் கடனில் சுமார் 46 மில்லியன் யூரோ செலவில் கட்டி, 2013 செப்டெம்பரில் திறந்த துறைமுகம். வர்த்தகக் கப்பல்கள் வந்து சரக்கு இறக்கும் துறைமுகமாக அது ஆகவே இல்லை. எங்கள் கிழக்குக் கரையோரத்தில் மணல் சும்மா கிடப்பதில்லை, அலையோடு கரை நெடுக நகர்ந்துகொண்டே இருக்கும், அந்தப் பகுதியில் பெரும்பாலும் வடக்கு நோக்கி. கடலுக்குள் கல் அணை நீட்டினால் தெற்குப் பக்கம் மணல் தேங்கும், வடக்குப் பக்கம் மணல் வராமல் கரை அரிக்கும். அப்படியேதான் நடந்தது. வாயில் மணல் மூடி மீன்பிடி வள்ளம் போய்வரவே பாடுபட்டது, வடக்கே ஒலுவில் கரையில் தென்னந்தோட்டங்களைக் கடல் தின்றது. அந்தக் கரையில் போய் நின்றால் வேரோடு சாய்ந்த தென்னைகளைப் பார்க்கலாம். ஒருமுறை அங்கே வேறு வேலையாகப் போனபோது ஒரு பெரியவர் கடலுக்குள் கையை நீட்டி, “அந்தா, அதில எங்கட கிணறு இருந்தது” என்றார்.

துறைமுகம் இல்லாவிட்டால் அந்தக் கிணறு இருந்திருக்கும். தென்னை காய்த்திருக்கும். கரைவலை இழுக்கக் கரை இருந்திருக்கும். இவையெல்லாம் ‘இல்லாவிட்டால்’ நிரலில் வரவு, ‘வந்தால்’ நிரலில் செலவு. கப்பல் எத்தனை வரும் என்பதில் பிழைவிடுவது மனித சுபாவம், எதிர்காலம் யாருக்குத் தெரியும். மணல் எந்தப் பக்கம் போகும் என்பது கரையில் பிறந்த பிள்ளைக்கும் தெரியும்.

கல்லோயாவை விட்டுவிட முடியாது, ஆனால் அது தனிப் பதிவுக்கான கதை. பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலவில் மறித்து, 1949 இல் சபை அமைத்து நடத்திய பெருந்திட்டம். அதை மதிப்பிட அமைத்த குழு 1970 இல் அறிக்கை தந்தது. கழிவு வீதம் போட்டுப் பார்த்தால் செலவு பயனை மிஞ்சிவிட்டது என்பதே அவர்களின் முடிவு. அம்பாறைக்காரரிடம் இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், கண்ணுக்கு எட்டிய தூரம் வயலைக் காட்டுவார்கள். ஆனால் ஆற்றின் கீழ்ப்பக்கம் சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்றில் அணைக்கு முன்பே நெல் விளைந்துகொண்டுதான் இருந்தது. திட்டத்தின் கணக்கில் போடக்கூடியது அதற்கு மேல் கூடியது மட்டும். வாய்க்காலின் கடைக்கோடியில் இருந்தவர்களுக்குத் தண்ணீர் எட்டாமல் பல வருடம் போனதும் வேறு கதை. 1980 களின் தொடக்கத்தில் இடதுகரையில் விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சத் தொடங்கிய பிறகு, பெரிய கட்டுமானம் முடியுமுன்பே கடைக்கோடிக்கு நீர் போனது. வயல்வெளிக்குப் பொறுப்பான வட்டை விதானைமார் கூட்டங்களில் இன்னமும் இதைச் சொல்லிக் காட்டுவார்கள், மேல்மடைக்காரர் மறந்துபோகும் நேரத்தில்.

பல்கலைக்கழகப் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வர என்ன படிக்க வேண்டும் என்று செய்தி அனுப்புகிறார்கள். எக்செல் எல்லோரும் படிக்கிறீர்கள், போதும். பள்ளிக்கூட அதிபரிடம் ஆசிரியர் வரவுப் பதிவேட்டைக் கேட்கப் பழகுங்கள். பாதை நின்ற நாட்கள் அதில் கிடக்கும், எந்த அலுவலகத்திலும் அப்படி ஒழுங்காய்க் கிடக்காது. பாதை கடைசியாக எத்தனை மணிக்கு என்று பார்த்து, அதற்கேற்றபடி கடைசிப் பாடம் நடந்ததா என்றும் கேளுங்கள். அதிபர் சிரிப்பார், பதில் சொல்லமாட்டார். அரிசி ஆலைக்காரரிடம் எந்த ஊர் நெல்லுக்கு எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேளுங்கள், உடனே சொல்வார், அவருக்கு அது கூச்சப்படும் விசயமே இல்லை. வாகனம் எண்ணும் வாரத்தை நீங்களே முடிவுசெய்யப் பாருங்கள். மண்டூர் முருகன் திருவிழாவில் எண்ணினால் பாதைக்குப் பக்கத்தில் விமான நிலையம் கட்டலாம் என்று கணக்கு வரும். அடைமழையில் எண்ணினால் பாதையையே நிறுத்திவிடலாம் என்று வரும். பெரும்போக வெட்டில் ஒரு தடவை, மாரியில் ஒரு தடவை, ஒன்றுமில்லாத சாதாரண வாரத்தில் ஒரு தடவை எண்ணக் காசு கேளுங்கள். முதலில் இல்லை என்பார்கள். பணிநிபந்தனை, அதாவது என்ன வேலை எப்படிச் செய்வது என்று குறிக்கும் ஆவணம், எழுதும்போதே கேட்டால் சில இடத்தில் கிடைக்கிறது.

நின்றுபோன அந்தத் துறை வேலை மறுபடி எழும்பியிருக்கிறது. பழைய தரவைப் புதுப்பிக்க வேண்டும் என்று புதிய பணிநிபந்தனை வந்திருக்கிறது. இந்த முறை வேறு நிறுவனம், என்னைத்தான் கூப்பிட்டார்கள். வாசித்துப் பார்த்தால் வாகன எண்ணிக்கைக்குக் குறித்த வாரம் ஏப்ரல் நடுப்பகுதி. சித்திரைப் புத்தாண்டு வாரம். அலுவலகம் பூட்டு, பள்ளிக்கூடம் விடுமுறை, பால் எடுப்பவர் வரமாட்டார், அரிசி ஆலை மூடியிருக்கும், பாதையில் மட்டும் புது உடுப்போடு ஊர் முழுக்க ஏறும். திகதியை மாற்றச் சொல்லியும், சுற்றுவழிப் பாலத்தில் இன்னொரு எண்ணிக்கை நிலையம் கேட்டும் எழுதியிருக்கிறேன். மருத்துவமாதுவின் விசயத்தை இந்த முறை பண்புசார் பயன்கள் பந்தியில் அல்ல, அட்டவணைக்குள்ளேயே போட வேண்டும் என்றும் ஒரு வரி சேர்த்தேன். நிலையத்துக்குச் சம்மதம், மற்ற இரண்டும் ‘பரிசீலனையில்’ என்று நேற்றுப் பதில் வந்தது.